சாதி இல்லாத சிறுமி மேடையில் மட்டும்தான் வளர்கிறாள்

மார்ச் 8 நெருங்கினால் கல்லூரி அரங்குகளில் ஒரு நாடகம் வந்துவிடும். பெயர் மாறும், ஊர் மாறும், நடிப்பவர்கள் மாறுவார்கள். நாடகம் மட்டும் மாறாது. பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். பின்னால் பறை ஒலிக்கும். திடீரென்று பறை நிற்கும். சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நான்கு பெண்கள் சுற்றி நின்று குலவை போடுவார்கள். அவள்மேல் ஒரு சிவப்புத் துணி விழும். பிறகு சேலை. பிறகு கயிறு. "ஓடாதே", "சத்தமா சிரிக்காதே", "குனிஞ்சு நட" என்று நான்கு பக்கமும் குரல்கள். கடைசியில் அவள் கயிற்றை அறுத்துக்கொண்டு கையை உயர்த்துவாள். அரங்கம் எழுந்து கைதட்டும்.

அந்தக் கைதட்டலில் நாமும் இருந்திருக்கிறோம். அந்தக் கயிறு பொய்யில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளையின் ஓட்டத்தை இந்தச் சமூகம் எப்படி நிறுத்துகிறது என்பது அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஆனால் நாடகம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில் நாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அரங்கம் சங்கடப்படத் தொடங்கிவிடும்: "அந்தச் சிறுமி என்ன சாதி?"

"இதுல எதுக்குங்க சாதி? இது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான பிரச்சினை" என்று பதில் வரும். நாம் சொல்கிறோம்: அந்தச் சிறுமிக்குச் சாதி இருக்கிறது. அவளைத் தனியாக உட்கார வைக்க வீட்டில் ஓர் அறை இருக்கிறது. தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவரத் தாய்மாமன் இருக்கிறான். தீட்டுத் துணியைத் துவைத்துத் தர வேறொரு பெண் வருகிறாள். மேடையில் சாதியின் பெயரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயர் சொல்லாமல் இருக்கும் வசதி இந்த நாட்டில் யாருக்கு உண்டு என்று நமக்குத் தெரியும்.

சேரியின் பறை மேடைக்கு வந்துவிட்டது. சேரியின் சிறுமி இன்னும் வரவில்லை.

முன்னோடிகள் செய்ததும் நகல்கள் செய்வதும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பெண்ணிய நாடகத்தை மட்டம் தட்டுவது நம் வேலை இல்லை. 1979இல் ஜன நாட்டிய மஞ்ச் 'ஔரத்' நாடகத்தைத் தெருவில் நிகழ்த்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் டெல்லிப் பெண்கள் வரதட்சணைக் கொலைகளுக்கு எதிராக 'ஓம் ஸ்வாஹா'வைத் தெருத்தெருவாகக் கொண்டு போனார்கள். 1983இல் மகாராஷ்டிரத்தின் ஸ்திரீ முக்தி சங்கடனா, ஜோதி மாப்சேகர் எழுதிய 'முல்கி ஜாலி ஹோ'வை மேடையேற்றியது. 'பெண் பிறந்திருக்கிறாள்' என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஒரு பெண்குழந்தை பிறந்தது முதல் அவள்மேல் என்னென்ன சுமத்தப்படுகிறது என்பதைப் பாட்டும் கிண்டலுமாகச் சொன்ன நாடகம் அது.

தமிழில் 1990களில் அ. மங்கை 'பச்ச மண்ணு'வை உருவாக்கினார். பெண்சிசுக் கொலைக்கு எதிரான அந்த நாடகம், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் வரிசையாக வரும் சடங்குகளையே தன் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டது. பிறகு இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' வந்தது. ஔவை என்றாலே கோலூன்றிய கிழவி என்று நமக்குப் பள்ளிக்கூடமும் சினிமாவும் சொல்லிக்கொடுத்திருந்தன. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி இளமையைத் தொலைத்தாள் என்பது கதை. அறிவுள்ள ஒரு பெண் இளமையாக இருக்கக் கூடாது, இளமையாக இருக்கும் பெண் ஊர் சுற்றக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த கதை அது. இன்குலாப் அந்தக் கிழவியைக் கலைத்துவிட்டுப் பாடிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் ஒரு பாணர் குலத்து இளம்பெண்ணை நிறுத்தினார்.

இந்த நாடகங்களின் பலம் எது? ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அநீதியைக் கையில் எடுத்தது. 'ஓம் ஸ்வாஹா' கண்ணெதிரே எரிக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசியது. 'பச்ச மண்ணு' குறிப்பிட்ட மாவட்டங்களில் நடந்துகொண்டிருந்த குறிப்பிட்ட கொலையைப் பற்றிப் பேசியது. ஆனால் இன்று கல்லூரி அரங்குகளில் நாம் பார்ப்பது நகலின் நகல். ஊர் உதிர்ந்துவிட்டது, ஆண்டு உதிர்ந்துவிட்டது, சாதி முதலிலேயே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது 'பெண்' என்ற ஒரு சொல்லும், ஒரு சிவப்புத் துணியும், ஒரு கயிறும்தான்.

கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது?

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றார். சதி, கட்டாய விதவைக்கோலம், சிறுமிகளை மணமுடித்தல் மூன்றும் ஏன் வந்தன என்று கேட்டுவிட்டு, சாதிக்குள்ளேயே திருமணத்தை அடைத்து வைக்கத்தான் வந்தன என்று விடை சொன்னார். அந்த மாணவர் பாபாசாகேப் அம்பேத்கர். பெண்ணியம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் முதலில் படிக்க வேண்டிய கட்டுரைகளில் ஒன்று அது. பெரும்பாலான பாடத்திட்டங்களில் அது 'சாதி' என்ற தாளில் இருக்கும், 'பாலினம்' என்ற தாளில் இருக்காது.

அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர் மஞ்சள் நீராட்டு விழாவைப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்ததை ஏன் ஊருக்கு அறிவிக்க வேண்டும்? ஏன் தாய்மாமன் முதல் சீர் கொண்டுவர வேண்டும்? ஏன் அவன் கையால் மாலை விழ வேண்டும்? முறைப்பையன்கள் யார் யார் என்று ஏன் அன்றைக்குக் கிண்டலாகப் பேச்சு நடக்கிறது? ஃபிளெக்ஸ் பேனரில் ஏன் சாதிச் சங்கத் தலைவரின் படம்? இந்தப் பெண் இனி பிள்ளை பெறும் உடம்பு, அந்த உடம்பு எங்கள் சாதிக்குள்ளேயே போக வேண்டும், அதன்மேல் முதல் உரிமை எங்கள் உறவுக்கு என்பதுதான் அந்த விழாவின் செய்தி. சாதி தன் எல்லைக்கல்லை நடும் நாள் அது. நடுவது ஒரு சிறுமியின் உடம்பில்.

அப்படியென்றால் மேடையில் அந்தச் சிறுமியைக் கட்டியிருக்கும் கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது? அப்பாவின் கோபத்திலா, அம்மாவின் பயத்திலா, பாட்டியின் மூடநம்பிக்கையிலா? நம் நாடகங்கள் இந்த மூன்றோடு நின்றுவிடுகின்றன. பாட்டியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கயிறு வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டில் கட்டியிருக்கிறது. "பஸ்ஸ்டாண்டுல நிக்காத" என்று அம்மா சொல்வதன் முழு வாக்கியம், "பஸ்ஸ்டாண்டுல நிக்காத, அந்தத் தெருப் பசங்க நிப்பானுங்க" என்பது. நாடகம் முதல் பாதியை மட்டும் நடிக்கிறது.

இரண்டாம் பாதி என்ன செய்யும் என்று தருமபுரி காட்டியது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பீரோவும் டிவியும் சான்றிதழ்களும் சாம்பலாயின. காரணமாகச் சொல்லப்பட்டது ஓர் இளம்பெண் தன் விருப்பப்படி செய்துகொண்ட கல்யாணம். அந்தப் பெண் நம் சாதியில்லை. அவள் வளர்ந்து தானாக ஒரு முடிவெடுத்ததற்குச் சேரி எரிந்தது.

எனவே நம் விமர்சனம், 'தலித் சிறுமியை விட்டுவிட்டீர்கள், அவளையும் ஒரு காட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற இடஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு முடிவதில்லை. சாதியை விட்டுவிட்டு ஒரு பெண் வளர்வதைக் காட்டும் நாடகம், தான் காட்டும் ஆதிக்கச் சாதிச் சிறுமியின் கயிற்றையே புரிந்துகொள்ளவில்லை. அறுக்க வேண்டிய இடம் தெரியாமல் மேடையில் கத்தரிக்கோல் ஆட்டுகிறது.

ரத்தத்துக்கு முன்பே வருவது

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதிச் சிறுமி, முதல் மாதவிடாய் வந்ததற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஆண்டுத் தேர்வு எழுதினாள். அவளுடைய அம்மா போய்ப் பார்த்துக் கேள்வி கேட்டு, அதைக் காணொளியாகப் பதிவு செய்ததால் வெளியுலகுக்குத் தெரிந்தது. பள்ளி முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டார். "இது மாதவிடாய்த் தீட்டா, சாதித் தீண்டாமையா?" என்று நம் நண்பர்களே நம்மிடம் கேட்டார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க ஆய்வேடுகளால் முடியும். அந்தப் படிக்கட்டில் அவை ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தன.

களப்பணியில் இருக்கும் நாங்கள், மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் பெண்பிள்ளைகளோடு நாடகப் பயிற்சி செய்வதுண்டு. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். "நீ பெரிய பிள்ளை ஆயிட்டன்னு உனக்கு முதன்முதலா தோணுன நாளை நடிச்சுக் காட்டு" என்று சொன்னோம். குச்சிலும் மஞ்சளும் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். வந்தது வேறு.

ஒருத்தி ஒரு வகுப்பறையைப் போட்டாள். "எஸ்சி ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க" என்று ஆசிரியராக நடித்தவள் சொல்ல, இவள் எழுந்து நிற்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி அண்ணாந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. வசனமே இல்லை. இன்னொருத்தி, ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை நடித்தாள். அப்பா சொல்லிக்கொடுத்தாராம். மூன்றாவதாக ஒருத்தி: ஐந்து வருடமாக ஒன்றாகப் படித்த தோழி, அவள் வீட்டுத் திண்ணை வரைக்கும் எப்போதும் போய் வருவாள். இவள் வயதுக்கு வந்த பிறகு தோழியின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இங்க வராத கண்ணு, வீட்ல வயசுப் பையன் இருக்கான்" என்கிறார். குரலில் கோபமே இல்லை. 'கண்ணு' என்றுதான் சொல்கிறார். அந்த 'கண்ணு'வை நடித்த பிள்ளை அத்தனை அன்பாகச் சொன்னாள், எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த மூன்றாவது காட்சியை யோசித்துப் பாருங்கள். அம்பேத்கரின் கட்டுரை ஒரு வாசற்படியில் நடந்து முடிந்துவிட்டது. சிறுமியாக இருந்தவரை திண்ணை அனுமதித்தது. பெண்ணானதும் அவள் அந்த வீட்டுச் சாதிக்கு ஆபத்து. பூப்பு அவளை அவள் வீட்டுக்குள் அடைத்ததைவிட, அடுத்த வீட்டிலிருந்து துரத்தியது பெரிதாக நினைவில் நிற்கிறது. இந்தக் காட்சியை எந்தக் கல்லூரி நாடகத்தில் பார்த்திருக்கிறோம்?

கடைசியாக ஒருத்தி மட்டும் தன் சடங்கையே நடித்தாள். ஆனால் அவள் நடித்தது தாய்மாமன் கொண்டுவந்த எவர்சில்வர் வாளியைப் பார்த்து அப்பத்தா போட்ட சண்டையை. "ஒத்த வாளிக்கு எதுக்குடா மூணு ஆட்டோ?" என்று அவள் கேட்டதும் மையமே சிரித்து உருண்டது. இந்தச் சிரிப்பும் நம் பிள்ளைகள் வளரும் கதைதான்.

இலக்கியம் இதை முப்பது வருடம் முன்பே எழுதிவிட்டது. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் சிறுமி மாய்க்கண்ணியின் வளர்ச்சி அதில் இருக்கிறது. அவளுக்குப் 'பருவம்' என்று தனியாக ஒன்று வருவதில்லை, கூலிதான் முதலில் வருகிறது. நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்க, தப்பி ஓடிவந்த மரியம்மாவை, அந்த நிலக்காரனின் பொய்யை நம்பிய நம் ஊர்ப் பஞ்சாயத்தே விசாரிக்கிறது. அவளுக்கு 200 ரூபாய் அபராதம், அவளோடு சேர்த்துப் பழி சுமத்தப்பட்ட பையனுக்கு 100. ஒரு பெண் வளர்வதைப் பற்றிய நாடகத்துக்கு இதைவிடக் கூர்மையான காட்சி வேண்டுமா? நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்.

துணியைத் துவைத்தவள்

அந்தச் சிவப்புத் துணிக்கு வருவோம். மேடையில் அது விழுகிறது, குறியீடாகிறது, விளக்கு அணைகிறது. நிஜத்தில் துணி அங்கேயே கிடக்காது. அதை ஒருத்தி எடுத்துப் போய்த் துவைத்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்த பெண்களுக்குச் சாதிப் பெயர் உண்டு. ஊருக்கு ஒரு வண்ணாத்தி. சேரிக்குப் புதிரை வண்ணார் வீட்டுப் பெண். ஊருக்குள்ளும் இடமில்லாமல் சேரிக்குள்ளும் இடமில்லாமல் வாழ்ந்த பெண்.

இங்கே விரல் நம் பக்கமும் திரும்பும். திரும்பட்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது தலித் இலக்கிய உலகம் கொதித்தது. பறையர் குடியிருப்பையே நம்பி வாழும் புதிரை வண்ணாரப் பெண் ஆரோக்கியத்தின் கதை அது. அவள் மகள் மேரி வளர்ந்து வரும் வயதில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஆண் ஒருவனாலேயே சிதைக்கப்படுகிறாள். தலித்துகளுக்குள் இருக்கும் படிநிலையைப் பேசாமல் 'தலித் சிறுமி' என்று ஒருத்தியை மேடையேற்றினால், அவளும் இன்னொரு பெயரில்லாப் பொதுச் சிறுமியாகத்தான் ஆவாள். நாம் அடுத்தவரிடம் கேட்கும் கேள்வி நம் ஒத்திகைக்கும் பொருந்தும்: துணியைத் துவைத்தவள் எங்கே?

பிணமாக மட்டும் ஏன் வருகிறாள்?

பெண்ணிய மேடையில் நம் பெண்பிள்ளை இல்லை என்றோம். தலித் மேடையில் இருக்கிறாளா? இருக்கிறாள், பெரும்பாலும் பிணமாக. ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் நாம் தெருநாடகம் போடுகிறோம். வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உடல் நடுவில் கிடக்கும். சுற்றி நின்று ஆண் தோழர்கள் முழங்குவார்கள். நீதி கேட்பதற்கு அந்த நாடகங்கள் தேவை. 2020இல் ஹாத்ரஸில் 19 வயதுப் பெண்ணின் உடலைக் காவல்துறை இரவோடு இரவாக எரித்தபோது, தெருவில் இறங்கியவர்களில் நாடகக்காரர்கள் முன்னால் நின்றார்கள். அதில் நமக்குப் பெருமைதான்.

ஆனால் அவள் செத்த பிறகுதான் மேடைக்கு வரமுடியும் என்றால், உயிரோடு இருக்கும் நம் பிள்ளைகள் அந்த நாடகத்தில் எதைப் பார்ப்பார்கள்? தங்களுக்காகக் காத்திருக்கும் பாத்திரத்தைப் பார்ப்பார்கள். கே.ஏ. குணசேகரன் தன் 'பலி ஆடுகள்' நாடகத்தில், பலியிடப்படுகிறவர்களின் வரிசையிலும் கடைசியில் பெண்தான் முன்னால் தள்ளப்படுகிறாள் என்று நம் முகத்துக்கு நேராகக் காட்டினார். தமிழின் தொடக்ககால தலித் நாடகமே இந்தச் சுயவிமர்சனத்தோடுதான் தொடங்கியது. நாம் அதைப் பாராட்டிவிட்டு மறந்துவிட்டோம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. பாமாவின் 'மொளகாப்பொடி' கதையைக் கட்டியக்காரி குழு நாடகமாக்கியது. மிளகாய்ப் பொடியோடு வரும் நிலவுடைமைக்காரிக்கு எதிரே நம் பெண்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்த பெண்களின் நடை வேறு மாதிரி இருக்கும். நம் பிள்ளைகள் கபடி ஆடட்டும், பொறாமைப்படட்டும், காதலிக்கட்டும், காதல் வேண்டாம் என்று சொல்லட்டும், நீட் தேர்வுக்குப் படிக்க இடமில்லாமல் எரிச்சல்படட்டும். சாகாமல் ஒரு மணி நேரம் மேடையில் வளரட்டும்.

யார் நடிப்பது?

1855இல் புனேயில், ஜோதிராவ் சாவித்திரிபாய் பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' இதழில் அது அச்சானது. அப்போது அவளுக்குச் சுமார் 14 வயது. அதே 1855இல் ஜோதிராவ் பூலே 'திருதீய ரத்னா' என்ற நாடகத்தை எழுதினார். புரோகிதன் ஒரு கர்ப்பிணியையும் அவள் கணவனையும் பயமுறுத்திச் சுரண்டுகிறான். உண்மை தெரிந்ததும் இருவரும் படிக்கக் கிளம்புகிறார்கள். சாதி எதிர்ப்பு நாடகத்தின் முதல் அடி அது. பள்ளிக்கூடத்தை நோக்கி ஒரு பெண் எடுத்து வைத்த அடியும்கூட. நம் மரபில் சிறுமி தானே பேசுவதும் நாடகமும் ஒரே ஆண்டில் பிறந்திருக்கின்றன.

இன்றும் அந்த மரபு உயிரோடு இருக்கிறது. திண்டுக்கல்லில் சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். சாவுக்கு அடிக்க ஆண்களைக் கட்டாயப்படுத்திய கருவி, படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகளின் தோளில் ஏறியபோது அதன் பொருளே மாறியது. லிவிங் ஸ்மைல் வித்யாவும் தோழர்களும் தொடங்கிய பன்மை நாடகக்குழு, திருநர்களின் வாழ்க்கையைத் திருநர்களே நடித்துக் காட்டியது. 'பெண்ணாக வளர்வது' என்றால் என்ன என்ற கேள்வியை ஒரு தலித் திருநங்கையைவிட யார் ஆழமாகக் கேட்டுவிட முடியும்? பெண்ணிய நாடக விழாக்களின் பட்டியலில் இவர்களைத் 'திருநர் அரங்கு', 'நாட்டுப்புறக் கலை' என்று தனித்தனிப் பெட்டிகளில் போடுகிறார்கள். பெண்கள் வளரும் கதை என்ற பெட்டி மட்டும் காலியாக இல்லாமல் எப்போதும் யாரோ ஒரே மாதிரிப் பெண்களால் நிரம்பியிருக்கிறது.

ஒத்திகை அறைக்கும் சாதி உண்டு. ஒத்திகை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளையும் விடுதி வருகைப் பதிவுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளையும் வெளியே. "உன் உச்சரிப்பு சரியில்லை" என்று தேர்வில் கழித்துவிட்டு, சேரிப் பாத்திரத்துக்கு வெளுப்பான பெண் முகத்தில் கரி பூசி, அதே உச்சரிப்பைப் பயிற்சி கொடுத்து நடிக்க வைக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கதையைக் 'கள ஆய்வு' என்று ஒலிப்பதிவு செய்து போகிறார்கள். நாடகத்துக்கு அழைப்பிதழ்கூட வருவதில்லை.

மூன்று எதிர்க்கேள்விகள்

"பெண்கள் ஒற்றுமையை உடைக்கிறீர்கள்." தோழியின் அம்மா வாசற்படியில் நிறுத்தியபோதே அது உடைந்துவிட்டது. நாம் உடைந்த இடத்தைக் காட்டுகிறோம். ஒட்டவைக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்த இடத்தைப் பார்க்கட்டும்.

"சாதியைச் சேர்த்தால் கலை பிரச்சாரமாகிவிடும்." கயிற்றைச் சுற்றிவிட்டு அறுப்பது பிரச்சாரம் இல்லையா? 'கண்ணு' என்ற ஒரே சொல்லில் ஒரு சிநேகம் முறிவது கலை இல்லையா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. "சேரியிலும் சடங்கு வைக்கிறீர்களே? உங்கள் ஃபிளெக்ஸ் இன்னும் பெரிதாக இருக்கிறதே?" உண்மை. ஊர்த்தெருவில் மேளதாளத்தோடு வரக் கூடாது, பட்டு உடுத்தக் கூடாது, பந்தல் போடக் கூடாது என்று தலைமுறைகளாக ஒடுக்கப்பட்ட மக்கள், கையில் நாலு காசு வந்ததும் மகளுக்குப் பந்தல் போட்டுப் பட்டு உடுத்தி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அந்த நாற்காலியில் ஒரு தன்மானம் இருக்கிறது. சடங்கு முடிந்ததும் அந்தப் பிள்ளை மூன்று மாதம் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டில் இருப்பதும் இருக்கிறது. கடன் வட்டியும் இருக்கிறது. பேனரில் பாபாசாகேப் படத்தைப் போட்டுவிட்டு, அவர் எதை ஒழிக்கச் சொன்னாரோ அதையே விழாவாக நடத்துகிறோம். வெளியிலிருந்து வந்து இதைக் கிண்டல் செய்யும் நாடகத்தை நாம் ஏற்கமாட்டோம். இதை உள்ளேயிருந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையே பேசும் நாடகம் நமக்கு வேண்டும். 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் பாபாசாகேப் நம் பெண்களிடம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றார். அந்தப் பேச்சை அந்த நாற்காலிக்கு எதிரே வைப்பது நம் பொறுப்பு, அடுத்தவர் பொறுப்பு இல்லை.

அடுத்த நாடகத்துக்கு

மாணவத் தோழர்களே, அடுத்த மார்ச் மாதத்துக்கு இப்போதே யாரோ ஒத்திகைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம். சில வேலைகளைச் சொல்கிறோம்.

பிரதியை எழுதும் முன் உங்கள் சிறுமிக்கு ஊர், தெரு, சாதி எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஆதிக்கச் சாதிச் சிறுமி என்றால் அதைச் சொல்லுங்கள். அப்போதுதான் அவள் யாரைத் தொடக் கூடாது என்று கற்றுக்கொண்டே வளர்கிறாள் என்பதும் நாடகத்துக்குள் வரும். ஆதிக்கச் சாதிப் பின்னணியிலிருந்து வரும் தோழிகளே, உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் நின்றார்கள், எந்த வயதோடு அவர்கள் வருவது நின்றது என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுத வேண்டிய நாடகம் அங்கே இருக்கிறது. எங்கள் கதையை எங்களுக்காக நீங்கள் அழுது நடிக்கத் தேவையில்லை.

ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில் ஒத்திகை வையுங்கள். முடிந்தால் விடுதியிலேயே வையுங்கள். முதல் காட்சியைக் கல்லூரி அரங்கில் போடாமல், கதை எந்தத் தெருவிலிருந்து வந்ததோ அந்தத் தெருவில் போடுங்கள். "இது இப்படி நடக்கல" என்று ஒரு கிழவி எழுந்து சொன்னால், நாடகத்தை நிறுத்திவிட்டு அவளைப் பேச விடுங்கள். இயக்கத் தோழர்களே, உங்கள் கலைக்குழுவில் எத்தனை பெண்பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள், எத்தனை பேர் டீ போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மையத்துப் பிள்ளைகள் அந்த மூன்று காட்சிகளையும் சேர்த்து, எவர்சில்வர் வாளிச் சண்டையையும் விடாமல், ஒரு நாற்பது நிமிட நாடகமாகக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். துணி துவைத்த பெண்ணாக யார் நடிப்பது என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. அந்த வாக்குவாதம் முடியட்டும், உங்கள் கல்லூரிக்கு வருகிறோம். அன்றைக்குக் கலந்துரையாடலில் கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

ஜெய்பீம்.